சேமக்காலைகள் கூறும் சரித்திரம்

எமது நாட்டு வழக்கிலே இறந்தோரை வைக்கும் இடத்துக்குப் பெயர் ஒன்றன்று. சைவர் உடலை எரியூட்டும் இடம் சுடலை. கிறித்தவர் அடக்கஞ் செய்யும் இடம் சேமக்காலை. முசிலிம் மக்களுடையது மையவாடி. சுடலை என்னுஞ் சொல்லிலே சுடுதல் உண்டு. சேமக்காலை என்னுஞ் சொல்லிலே சேமித்து வைத்தல் என்ற பொருள் தொனிக்கின்றது. எரித்த இடத்தில் எழுத்து நிற்பதில்லை. காடாற்றிச் சாம்பரைக் கடலிற் கரைத்த பின்னர், இறந்தவருடைய பெயர் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்திலும் வீட்டார் நினைவிலுமே எஞ்சும். சேமித்த இடத்திலோ கல் நிற்கின்றது. கல்லிற் பெயரும் ஆண்டும் ஊரும் தொழிலும் நிற்கின்றன. சரித்திரம் பயிலும் சைவ மாணவர் தம் சுடலையிற் பெறமுடியாத சான்றுகளை அயலாருடைய சேமக்காலையிலே பெறலாம் என்பதைக் காட்டுதலும், அச்சான்றுகளை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகைச் சுற்றுலாவுக்கு எம்மவரிடையே ஆதரவு குறைவு. கோயிலுக்கும் கோட்டைக்கும் மாணவரை அழைத்துச் செல்வதென்றால் பெற்றோர் மகிழ்ந்து விடை கொடுப்பர். சேமக்காலைக்கு என்றால் முகம் சுளிப்பர். யான் சிறுவனாயிருந்த காலத்தில் உடுவிற் பக்கம் சென்று பழைய கல்லொன்றை வாசித்து வந்த செய்தியை வீட்டிற் சொல்லப்போய், கிணற்றடியில் முழுகிய பின்னரே உள்ளே வர அனுமதிக்கப்பட்டேன். பேர்த்தியார் அதனைத் தண்டனையாகக் கருதவில்லை. தீட்டுக் கழித்தல் என்றே கருதினார். அவ்வாசாரத்தை இகழ்தல் எனது கருத்தன்று. முழுகிவிட்டு வந்து குறிப்பை எழுதலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்தல் வேண்டும். புதைத்தலும் கல் நாட்டலும் தமிழர்க்குப் புதியன அல்ல. யாழ் நகருக்கு அயலிலுள்ள ஆனைக்கோட்டையில் 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடாத்திய அகழாய்விலே பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமப் புதையல் வெளிப்பட்டது. அதனுடன் கிடைத்த சிறு முத்திரையிலே குறியீடுகளும் பிராமி எழுத்தும் ஒருங்கே இருந்தன. எழுத்தைக் 'கோவேத' என ஆய்ந்தோர் வாசித்தனர். மேற்குக் கரையிலுள்ள பொம்பரிப்பிலே தாழிகளில் இறந்தோரை அடக்கிய பெரும் ஈமக்காடு உண்டு. திருநெல்வேலியை அடுத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அதனை ஒப்பிட்டு ஆராய்வர். போரிற் பட்ட வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறுகின்றது. துறவிகளை எரியூட்டாது சமாதி வைக்கும் மரபு இன்றும் எமக்குண்டு. நீராவியடியில் உள்ள கடையிற் சுவாமிகள் சமாதியை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1947 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே சிவபதமடைந்த விபுலானந்த அடிகளாருடைய திருமேனி, அவர் வளர்த்த மட்டக்களப்புக் கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. அவர் பாடிய பாடலே அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. பாடசாலை வளவில் ஆசிரியர் துயில, மாணவர் அவ்வழியே வகுப்புக்குச் செல்வது காணத்தக்க காட்சி.

எனினும், எழுத்துப் பொறித்த கல்லைத் தொடர்ச்சியாகப் பெறுவதற்கு நாம் ஒல்லாந்தர் காலத்துக்கே வரவேண்டும். போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் 1658 இற் கைப்பற்றினர். கோட்டையினுள்ளே 1706 ஆம் ஆண்டிற் சிலுவை வடிவமான தேவாலயம் ஒன்றைக் கட்டுவித்தனர். நான்கு கைகளும் ஒத்த நீளமுடைய கிரேக்கச் சிலுவையின் அமைப்பில் அமைந்தமையால் அது குருசுக் கோயில் எனப் பெயர் பெற்றது. அதன் தளத்திலே கும்பனி உத்தியோகத்தருடைய கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. அந்நாளில் மதிப்புடையோரைத் தேவாலயத்தின் உள்ளேயே அடக்கினர்; வழிபட வருவோர் அவர்மேல் நடந்தே இருக்கைக்குச் சென்றனர். எமது கோயில் வாயிலிலே அடியார் பெயர் பொறித்த கல்லை அடியார்கள் மிதித்துச் செல்லும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். ஆயினும் கருத்து வேறு. அங்குப் பணிவுக்காக மிதிக்கப்படக் கிடந்தனர். இங்கோ இறந்தவரின் குலச்சின்னம் கேடயமும் தலைச்சீராவுமாக மிதிக்கும் கல்லிலேயே உயர்த்திப் பொறிக்கப்பட்டது.

ஒல்லாந்தக் கல்லறை எழுத்துக்கு ஒரு நிரந்தர வாய்பாடு உண்டு. இங்கே அடக்கப்பட்டுள்ளார் என்று தொடங்கும், பெயர் வரும், அடுத்து உத்தியோகம், பிறந்த ஊர், பிறந்த நாள், இறந்த நாள், வயது. வயதை ஆண்டு, மாதம், நாள் என மூன்று கூறாக எண்ணிக் காட்டுவது அவர் வழக்கம். உத்தியோகத்தை நோக்கும் மாணவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். ஊரை ஆண்டவரும் நீதி வழங்கியவரும் வணிகர், மேல்வணிகர், கீழ்வணிகர் என்றே குறிக்கப்பட்டிருப்பர். கிழக்கிந்தியக் கும்பனி ஆட்சி ஒரு கடையின் ஆட்சி என்பதை நூல்கள் பல பக்கங்களில் விளக்குவன. கல் ஒரு சொல்லில் விளக்குகின்றது. கும்பனியார் இறந்த பின்னும் தமது சம்பளப் படியைக் கைவிடவில்லை.

இக்கற்களைச் செதுக்கியவர் யார்? இலங்கையில் உள்ள ஒல்லாந்தக் கல்லறைப் பலகைகளுட் பல சோழமண்டலக் கரையிலே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தன என ஆராய்ந்தோர் கருதுவர். அக்கரையில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகபட்டினம் ஆகிய இடங்களில் ஒல்லாந்தர் தளங்கள் இருந்தன. பழவேற்காட்டுச் சேமக்காலையின் சிற்பவேலை இன்றும் புகழ்பெற்றது. அவ்வாறாயின், தாம் வாசித்தறியாத மொழியின் எழுத்தை, தாம் கண்டறியாத நாட்டின் குலச்சின்னத்தை, உளி பிசகாது வடித்தவர் தமிழ்க் கற்றச்சர் ஆவர். கல்லிற் சில இடங்களில் எழுத்துப் பிழை காணப்படுவதற்கும் காரணம் இதுவாகலாம். ஒல்லாந்தருடைய கல் என்கின்றோம். அதில் ஒரு பாதி எம்மவருடைய கைவேலை. கற்றச்சன் பெயர் எங்கும் இல்லை.

குருசுக் கோயிற் கற்களைப் பற்றி இறந்த காலத்திற் பேசவேண்டியிருப்பது துயரமானது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதந் தொடங்கிச் செத்தெம்பர் வரை நீடித்த கோட்டை முற்றுகையிலும் அதன் பின்னும் அத்தேவாலயம் முற்றாக இடிந்தது. இருநூற்றெண்பது ஆண்டுக்கு மேல் நின்ற கட்டிடம் கற்குவியலாயிற்று. போரின் பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு தொல்பொருட்டிணைக்களத்தார் கோட்டை மதில்களைப் புதுக்கியுள்ளனர், தேவாலயம் எழவில்லை. எனினும் அக்கல்லெழுத்துக்களை நாம் இன்றும் வாசிக்கலாம். எவ்வாறெனில், லியோப்பொல்ட் லூடோவிசி என்பவர் இலங்கையின் ஒல்லாந்தக் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து 1877 இல் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னர் வட மாகாணத்து அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர், நாடு முழுவதுமுள்ள கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் ஆராய்ந்து 1913 இற் பெருந்தொகுதி ஒன்றை வெளியிட்டார். வன்னி நாட்டைப் பற்றிய கைந்நூலை எழுதியவரும் இவரே. கல்லைக் காப்பதற்கு இவ்விருவரிடமும் படை இல்லை. காகிதமும் பென்சிலுமே இருந்தன. இன்று கல் இல்லை, காகிதம் இருக்கின்றது.

லூயிஸ் நூலின் பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. கல்லறை எழுத்துக்களின் பட்டியல் என்று கூறிவிட்டு, நினைவுச்சின்னம் பெறாதவர்களின் மரணக் குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டுள்ளது எனப் பெயரிலேயே அறிவித்தார். கல் உள்ளவரை மாத்திரம் எண்ணினால் நாட்டின் கதை கோணலாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் கருதிய 'கல் பெறாதவர்' பெரும்பாலும் ஐரோப்பியரே. ஆயினும் அம்முறையை நாம் இன்னும் விரித்துக் கையாளலாம்.

போரின் அழிவைக் கூறியபின் யாழ்ப்பாணத்தார் கண்முன் நிகழ்ந்த மற்றொன்றை மறைத்துச் செல்லுதல் நேர்மையாகாது. 1990 ஐ அடுத்த ஆண்டுகளில், போரில் இறந்த விடுதலைப் புலிகளை எரியூட்டாது புதைத்து, ஒரே அளவான கற்களை வரிசையாக நாட்டும் முறை வடக்கிலும் கிழக்கிலும் பரவிற்று. எரிக்கும் மரபினரான சைவப் பெற்றோரும் இதற்கு இசைந்தமை சமூக வரலாற்றிற் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். கோப்பாயில் அமைந்த துயிலும் இல்லம் 1995 இற் குடாநாடு இராணுவத்தின் வசமான பின் அழிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தின் பின் மீண்டும் கட்டப்பட்டது. 2009 இற் போர் முடிந்த பின் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டு அவ்விடத்திலே படைமுகாம் எழுந்தது. அரசியற் கருத்து யாதாயினும் ஆகுக. மகனுடைய பெயர் எழுதிய கல் எங்கே எனத் தாய் கேட்குமிடத்து விடை கூறுவார் இல்லை. கல் இருந்த இடத்துக்கு வெளியே தெருவோரத்தில் விளக்கேற்றுவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

கோட்டையை விட்டு வடக்கே தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய் ஆகிய ஊர்களுக்குச் செல்வோர் அமெரிக்க மிசனாருடைய காலத்தைச் சந்திப்பர். 1816 இல் இங்கு வந்தவர்கள் இவர்கள். யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்விக்கும் அச்சுக்கலைக்கும் மேனாட்டு மருத்துவத்துக்கும் இவர் செய்த தொண்டைச் சைவராகிய நாமும் மறுப்பதற்கில்லை. இவரோடு வாதிட்டே நாவலர் பெருமான் எமது பாடசாலைகளையும் அச்சியந்திரத்தையும் நிறுவினார். அவ்வாதத்தின் மறுபக்கத்தில் நின்றவர்களுடைய வாழ்க்கை எத்தன்மையது என்பதை அறிய அவர்தம் மரணத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் போதும். முதற் குழுவினருள் ஒருவரான யேம்ஸ் றிச்சார்ட்ஸ் 1822 இல் இறந்தார். வந்து ஆறே ஆண்டு. தானியேல் பூவரின் முதல் மனைவி சூசன் அதற்கு முன்னரே 1821 இல் இறந்துவிட்டார். உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடக்கி நடாத்திய ஹரியற் வின்சுலோ 1833 சனவரியில் தமது முப்பத்தாறாம் வயதில் உடுவிலில் இறந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவி வளர்த்த பூவர் முதுமை வரை வாழ்ந்தார். 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதி அவரையுங் கொண்டு சென்றது.

ஹரியற் அம்மையாரோடு அவர் உடன்பிறந்த சகோதரியர் மூவரும் காலத்துக்குக் காலம் இம்மிசனுக்கு வந்து சேர்ந்தனர். கடல் கடந்த ஒரு வீட்டில் நான்கு பெண்கள் இத்தீவை நோக்கிப் புறப்பட்டமை, அவ்வீட்டாருக்கு எவ்வாறிருந்திருக்கும் என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. உடுவிலிற் பிறந்த ஹரியற்றின் மகள் வழியில் வந்த கொள்ளுப்பேரனே, 1950களில் அமெரிக்காவின் வெளிநாட்டமைச்சராயிருந்து உலக அரசியலை ஆட்டிய யோன் பொஸ்ரர் டலஸ் என்பவர். அமெரிக்க அமைச்சர் ஒருவரின் கொள்ளுப்பாட்டி யாழ்ப்பாணத்து மண்ணில் இருக்கின்றார் என்ற செய்தி, உடுவிற் சந்தியால் நாளாந்தம் போய்வரும் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கணவராகிய மிரோன் வின்சுலோ இங்கு அடங்கவில்லை. தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை 1862 இற் சென்னையில் வெளியிட்டுவிட்டு, தாய்நாடு திரும்பும் வழியில் 1864 இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். மானிப்பாயில் மருத்துவம் புரிந்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மாணவரை வைத்தியராக்கிய சாமுவேல் கிறீன் 1884 இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் இறந்தார். தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டராய் வந்தவர் என்பதைத் தமது கல்லிற் பொறிக்கவேண்டும் என அவர் விரும்பியபடியே பொறிக்கப்பட்டுள்ளது. ஆதலால் யாழ்ப்பாணச் சரித்திரத்துக்குரிய கற்கள் யாழ்ப்பாணத்தில் மாத்திரம் இல்லை.

கிழக்கே திருக்கோணமலைக்குச் செல்வோர், கோணேசர் கோயிலைத் தரிசித்தபின், நகரின் வெளியரங்கை அடுத்துள்ள பழைய ஆங்கிலச் சேமக்காலையையும் பார்த்தல் நன்று. அங்கே சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியின் சமாதி உண்டு. கிழக்கிந்தியக் கடற்பகுதிக்குத் தலைமைத் தளபதியாக இருந்த அவர், இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி நதியில் 1852 ஒற்றோபர் 7 ஆந் தேதி வாந்திபேதியால் இறந்தார். அப்போது வயது எழுபத்துமூன்று. ஆங்கில இலக்கியம் கற்போர் இவரைக் காணச் செல்வது இவருக்காக அன்று. நாவலாசிரியை யேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் என்பதற்காக. வியப்பு யாதெனில், அவ்வம்மையார் 1817 இல் இறந்து வின்செஸ்ரர்ப் பேராலயத்தில் அடக்கப்பட்டபோது, மேலே வைத்த கல்லில் அவருடைய நற்குணங்களும் அறிவும் பாராட்டப்பட்டனவேயன்றி, அவர் நாவல் எழுதினார் என்ற செய்தி இடம்பெறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 1872 இலேதான் பித்தளைப் பட்டயமொன்றில் அது குறிக்கப்பட்டது. கல் பொய் கூறாது என்பர். பொய் கூறாவிடினும், கூறவேண்டியதை விட்டுவிடக் கூடும்.

திருக்கோணமலையிலே அடங்கிய மற்றொருவர் பேர்சி மோல்ஸ்வேத். 1867 இற் கொழும்பிற் பிறந்து, இராணுவப் பொறியியலாளராய்ச் சேவை செய்து, தமது சொந்தத் தூரதரிசனிகொண்டு திருக்கோணமலை வானிலே வியாழனையும் செவ்வாயையும் ஆராய்ந்தவர். 1908 இல் நத்தார்த் தினத்தன்று இறந்தார். செவ்வாய்க் கிரகத்திலுள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு இவர் பெயர் இடப்பட்டுள்ளது. இவருடைய தந்தையார் இலங்கைப் புகையிரதப் பகுதியின் முதல் தலைவராயிருந்தவர். தந்தைக்குரிய பதவியை மகன் தலையில் ஏற்றி எழுதும் வழிகாட்டிக் குறிப்புக்கள் இன்றும் உலாவுகின்றன. தந்தை அங்கே அடங்கவில்லை; 1925 வரை வாழ்ந்தார். கல்லில் உள்ள ஆண்டை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது.

திருக்கோணமலையினின்றும் கண்டிக்குச் செல்லும் நெறி, கல் இல்லாத ஒரு கல்லறையை நினைவூட்டும். 1660 இற் கொட்டியாரக் குடாவிலே கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்ட கப்பற்றலைவர் நொக்ஸ் என்பவர், மறு ஆண்டு கிராமமொன்றிலே சிறைவாசத்திற் காய்ச்சலால் இறந்தார். அயலார் துணையின்றித் தவித்த அவர் மகன் றொபேட் பெரும்பாடுபட்டுத் தந்தையை அடக்கினார். கல் நாட்ட அவரிடம் வழியில்லை. ஆனால் அம்மகன் பத்தொன்பது ஆண்டின் பின் தப்பிச் சென்று, 1681 இல் வெளியிட்ட இலங்கைச் சரித்திர நூலிலே அவ்வடக்கத்தை விரித்துரைத்தார். கல்லுள்ள எத்தனையோ மேலோரிலும் கல்லற்ற அத்தந்தையின் இறுதி நாட்களை நாம் நன்கறிவோம்.

கண்டியிலே தலதா மாளிகைக்குப் பின்புறமாக, தேசிய அரும்பொருளகத்தைத் தாண்டிச் சிறு மேட்டிலே ஏறினால் ஆங்கிலப் படையினருக்கென அமைந்த பழைய மயானத்தை அடையலாம். மரநிழலும் அமைதியும் உள்ள இடம். 1817 இல் தொடங்கி 1873 இல் மூடப்பட்டது. நகரெல்லையினுள் அடக்கஞ் செய்தல் தடுக்கப்பட்டமையே காரணம். ஏற்கெனவே அடங்கியோரின் உறவினர்க்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டு, இறுதி அடக்கம் 1951 இல் நடந்தது. நெடுங்காலம் காடுபற்றிக் கிடந்த இடம் 1998 ஐ அடுத்துத் திருத்தப்பட்டது. ஏறக்குறைய 200 பேர் அங்கே அடங்கியுள்ளனர். வயதைக் குறித்துக்கொண்டு செல்லும் மாணவர், இரண்டாம் வரிசையிலேயே பென்சிலை நிறுத்திவிடுவர். கைக்குழந்தைகள், பேற்றின்பின் இறந்த இளந்தாய்மார், இருபதும் முப்பதும் வயதான ஆடவர். முதுமை எய்தியவரைத் தேடித்தான் காணவேண்டும். காய்ச்சலும் வாந்திபேதியும் வயிற்றுளைவுமே பெரும்பாலாரின் காலன்.

மரணம் வந்த வகைகள் சில கதைபோல இருக்கும். யேம்ஸ் மக்கிளாசன் என்பவர் வாட்டர்லூ முதலான போர்களிற் குண்டுக்குத் தப்பியவர்; 1817 இல் திருக்கோணமலையிலிருந்து கண்டிக்கு மழையில் நனைந்தவாறே நடந்து வந்து காய்ச்சலால் மாண்டார். 1856 இல் றொபேட்சன் என்பவரைக் காட்டு யானை மிதித்துக் கொன்றது. 1861 இல் ஒருவர் வீடு இடிந்து விழுந்து இறந்தார். 1867 இல் மக்வூட் என்னும் வணிகக் குடும்பத்தவர் குதிரையினின்று இறங்கும்போது நிலத்தில் நாட்டியிருந்த கூரிய முளை பாய்ந்து மாண்டார். வழிகாட்டுவோர் இக்கதைகளையே விரும்பிச் சொல்வர்; கேட்போரும் விரும்பிக் கேட்பர். யானை மிதித்தவர் ஒருவர். காய்ச்சலால் இறந்தோர் பலர். கதைச்சுவை பற்றி விதிவிலக்கை விதியாகக் கொள்ளுதல் சரித்திர மாணவனுக்கு ஆகாது.

அங்குள்ளோருள் வரலாற்றுச் சிறப்பு மிக்கவர் சேர் ஜோன் டொயிலி. சிங்கள மொழியைத் துறைபோகக் கற்று, கண்டிப் பிரதானிகளோடு இரகசியக் கடிதப் போக்குவரத்து நடாத்தி, 1815 மார்ச்சு 2 ஆந் தேதி உடன்படிக்கையினாற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாதற்கு முதற் கருவியாயிருந்தவர் அவரே. கண்டியின் முதல் ஆங்கிலப் பிரதிநிதியாகி, 1824 மே 25 இல் ஐம்பது நிரம்புமுன் காய்ச்சலால் இறந்தார். அவரால் அரசிழந்த சிறீ விக்கிரமராசசிங்கன் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு 1832 சனவரியில் இறந்தான். பாலாற்றங்கரையிலே அவன் அடங்கிய இடத்தில் 1990 இல் தமிழ்நாட்டரசு முத்து மண்டபம் என்னும் நினைவாலயத்தைக் கட்டிற்று. கண்டியிற் பிறவாத டொயிலி கண்டி அரண்மனைக்கு அயலிலே துயில்கின்றார். அவ்வரண்மனையில் வீற்றிருந்தவன் கடலுக்கு அப்பால் தொண்டை நாட்டிலே துயில்கின்றான். இரண்டு கல்லறைகளையும் சேர்த்து வாசித்தாலன்றி ஒன்றன் பொருள் விளங்காது.

இம்மயானத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வேறொரு கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். கம்பளைக்கு அண்மையிலே முதற் பெருங் கோப்பித்தோட்டம் 1820களில் தொடங்கப்பட்டது. கோப்பியை அழித்த இலைநோய் 1869 இல் தோன்றியது. எனவே, இம்மயானத்தின் ஐம்பத்தாறு ஆண்டுகளுட் பெரும்பகுதி கோப்பிக் காலமே. படையினருக்கென அமைந்த நிலத்திலே துரைமாரும் அவர்தம் மனைவி மக்களும் பெருகியமை இதனாலேயே. அத்தோட்டங்களில் உழைத்தவர் யாவர்? தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர். நீரின்றியும் நோய்ப்பட்டும் வழியில் விழுந்தோர் தொகை பற்றி அக்காலத்திலேயே கடும் வாதம் நிகழ்ந்தது; இன்றும் ஆராய்வோர் ஒருமித்த எண்ணைத் தரவில்லை. எண்ணிக்கையில் ஐயமிருக்கலாம், அவருக்குக் கல் இல்லை என்பதில் ஐயம் இல்லை. கோப்பி வணிகத்தில் ஈடுபட்டுக் குதிரையினின்று இறங்கி மாண்டவரின் பெயரும் ஆண்டும் வகையும் தெரிகின்றன. அத்தோட்டங்களை நாடி நடந்து வந்து மாண்டவருள் ஒருவர் பெயர்தானும் வழியில் இல்லை. இரண்டாமவருடைய கல்லறையாக அவ்வடபாதை முழுவதையுமே கொள்ள வேண்டும். மாத்தளை மாரியம்மன் கோயிலைத் தரிசிப்போர், அப்பாதை முடியுமிடத்தில் அக்கோயில் எழுந்த காரணத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

கண்டியிலேயே மற்றொரு மயானம் இதற்கு மாறானது. இரண்டாம் உலகப் போரில் இறந்தோருக்கான அவ்விடத்தில் 203 பேர் உளர்: ஆங்கிலேயர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர், இத்தாலியரும் சிலர். 1917 இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழுவின் விதிப்படி, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் சமமான கல்லே வைக்கப்படும். கும்பனி மேல்வணிகரின் கேடயக் கல்லைக் கண்டுவிட்டு வருவோர்க்கு இச்சமத்துவம் புதுமையாகத் தோன்றும். ஒல்லாந்தர் கல்லுக்கும் இதற்கும் இடையில் ஐரோப்பியர் கருத்தில் நிகழ்ந்த மாற்றத்தை வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் காட்டமுடியாது.

இனி, செல்வோர் கைக்கொள்ளவேண்டிய முறை பற்றிச் சில கூறுவேன். தேவாலயக் குருவிடமோ பொறுப்பாளரிடமோ முன்னரே அனுமதி பெறுக. உறவினர் இன்றும் பூ வைத்து வணங்கும் இடம் அது என்பதை மறவற்க. தேய்ந்த எழுத்தை வாசிக்கக் காலையும் மாலையும் உகந்தவை. வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் குழி நிழலாகித் தெரியும், நண்பகலில் எல்லாம் மறைந்துவிடும். துணையாகக் கைக்கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டிற் பாய்ச்சலாம். நீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகையும் சவர்க்காரமும் சீமெந்தும் கல்லுக்குப் பகை. படம் எடுப்பினும் கையாலும் எழுதிக்கொள்க; எழுதும்போதே கவனம் கல்லில் நிலைக்கும். எழுத்துப் பிழையைத் திருத்தாது உள்ளவாறே பெயர்த்தெழுதி, ஐயமான எழுத்துக்குப் புள்ளியிடுக. கல் நாட்டிய ஆண்டும் இறந்த ஆண்டும் வேறாகலாம். கல்லும் இடம் மாறியிருக்கலாம். கொழும்புக் கோட்டையிலே அடங்கியிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களை 1813 இல் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலமாக எடுத்துச் சென்று வூல்பெண்டால் தேவாலயத்தில் வைத்தனர். அதை அறியாதவர் அங்குள்ள கற்களால் மயங்குவர். ஆகவே, வாசித்ததைத் தேவாலய மரணப் பதிவேட்டோடு ஒப்பிடுக. கல் பெறாதவர் பெயர்களும் அப்பதிவேட்டில் இருக்கும். அவற்றையும் விடாது எழுதிக்கொள்க.

இவ்வேலையைச் சேமக்காலையோடு நிறுத்தவேண்டியதும் இல்லை. அந்தியேட்டியின்போது அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் எம்மவர் வீடுகளிற் பெட்டியடியிலும் பரணிலும் கிடக்கின்றன. பிறந்த ஊர், தொழில், கொண்டு கொடுத்த இடம், மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஆண்டுகள், இறந்த திதி எல்லாம் அவற்றுள் உண்டு. இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் அழிந்தன. எஞ்சியவற்றை ஊர்வாரியாகத் திரட்டிக் கல்லூரி நூலகத்தில் வைப்பதற்கு மேல்வகுப்பு மாணவர் நால்வரும் ஒரு விடுமுறையும் போதும்.